திரைக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'டிசைன் பேட்டர்ன்' (வடிவமைப்பில் அடிக்கடி வரும் ஒரு பிரச்சினைக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தீர்வு) என்ற சொல்லை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களுமே அதிகம். 11 வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, 14 வருடமாக இடைமுக வடிவமைப்பு (ஆப்போ இணையதளமோ பயனருக்குத் திரையில் எப்படித் தெரிய வேண்டும், எப்படி இயங்க வேண்டும் என்று திட்டமிடுவது) நடத்திக்கொண்டிருக்கிற எனக்கு இது மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: இடைமுக வடிவமைப்புப் பாடத்தை இந்த ஆண்டு எனக்குக் கொடுத்தார்கள். பேட்டர்ன்கள் வழியாக நடத்தலாம் என்று 40 பேட்டர்ன்களைப் படங்களோடு ஸ்லைடுகளாகத் தயாரித்தேன். டேப், அக்கார்டியன், கேரசல், பிரெட்கிரம்ப் என்று திரை அமைப்புகளின் பெயர்களுக்குத் தேர்வில் எல்லோரும் பிசகாமல் விளக்கம் எழுதினார்கள். ஆனால் சொந்தமாக ஒரு ஸ்கிரீன் வடிவமைக்கச் சொன்னால், ஏதோ ஒரு ஆப்பைப் பார்த்து அப்படியே வரைகிறார்கள். எங்கே தவறினேன்? — கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் முதல் ஆண்டு வகுப்பு அப்படியே கண்முன் வந்தது. நானும் இதையேதான் செய்தேன். மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்கிற ஸ்கிரீன் ஒன்றை வடிவமைக்கச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவர் காலியாக இருக்கும் நேரங்களைக் கேரசலில் வைத்திருந்தார். ஒரு சமயத்தில் ஒரு நேரம்தான் தெரியும். அடுத்ததைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். காலை 10 மணியா, மாலை 4 மணியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. "ஏன் இப்படி?" என்று கேட்டேன். "இதுவும் நீங்கள் நடத்திய பேட்டர்ன்தானே மேடம்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் விடைகளை மட்டும் நடத்தியிருந்தேன். எந்தக் கேள்விக்கு அது விடை என்பதை நடத்தவில்லை.

பேட்டர்ன் என்ற சிந்தனை எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தால் இது தெளிவாகும். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூலில் 253 பேட்டர்ன்கள் இருக்கின்றன. அதில் 159ஆவது, ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்பது. ஜன்னலை எப்படி வரைவது என்று அது சொல்லித்தரவில்லை. ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் அறையில் கண் கூசும். எதிரில் இருப்பவரின் முகம் நிழலாகத் தெரியும். முகக்குறிப்பைப் படிப்பதே சிரமமாகிவிடும் என்று பிரச்சினையைத்தான் முதலில் விரிக்கிறது. தீர்வு அப்புறம்தான் வருகிறது. அதைப் படித்துவிட்டு நூறு பேர் நூறு விதமாக அறை கட்டலாம்.

ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் தேவைகள் ஒரு பிரச்சினைக்குள் இருக்கும். நான் அதை வகுப்பில் 'இழுபறி' என்பேன். இழுபறி புரியாதவருக்குப் பேட்டர்ன் வெறும் படம். படத்தைக் கொடுத்தால் மாணவர்கள் காப்பி அடிக்கத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் இப்போதெல்லாம் முதல் மூன்று வாரம் என் வகுப்பில் எந்தப் பேட்டர்னின் பெயரும் வராது. இழுபறியை அவர்கள் கையாலேயே தொட வேண்டும். அழித்தல் என்ற ஒரு வேலையை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

இருவர் இருவராக உட்காரவைத்து 20 சீட்டுகள் கொடுப்பேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கோப்பின் பெயர் இருக்கும். ஒருவர் கணினி, மற்றவர் பயனர். பயனர் ஒவ்வொரு சீட்டையும் அழிக்கச் சொல்ல, கணினியாக இருப்பவர் "நிச்சயமாக அழிக்கவா?" என்று எழுதிய அட்டையை நீட்ட வேண்டும். பயனர் "ஆம்" என்று தட்ட வேண்டும். முதல் நான்கைந்து முறை அட்டையைப் படிப்பார்கள். அப்புறம் கண் அடுத்த சீட்டுக்குப் போய்விடும், விரல் மட்டும் "ஆம்" தட்டும். 14ஆவது முறை அட்டையை மாற்றச் சொல்லி, கணினியாக இருப்பவரின் காதில் மட்டும் முன்னதாகவே சொல்லியிருப்பேன். அந்த அட்டையில் "எல்லாக் கோப்புகளையும் அழிக்கவா?" என்று இருக்கும். பெரும்பாலும் அதற்கும் "ஆம்" விழும். அந்தக் கணத்தில் வகுப்பில் எழும் சத்தம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இதற்கு மேல் நான் அதிகம் பேசத் தேவையில்லை. "கேட்டுக்கொண்டே இருந்தால் யாரும் படிப்பதில்லை" என்று அவர்களே சொல்வார்கள். கேட்காமல் அழித்தால் ஆபத்து, கேட்டால் வேகம் போகிறது, அடிக்கடி கேட்டால் கேட்பதற்கே பொருள் இல்லை. இழுபறி கரும்பலகைக்கு வந்துவிட்டது. "சரி, கேட்காமல் அழித்துவிட்டு, திரும்ப எடுக்க வழி வைத்தால்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அப்போதுதான் 'அன்டூ' என்ற பெயரை எழுதுவேன்.

அதோடு விட்டுவிடக் கூடாது. எங்கே அன்டூ உதவாது என்று உடனே கேட்க வேண்டும். அனுப்பிவிட்ட மின்னஞ்சலை எப்படித் திரும்ப எடுப்பது? ஜிமெயிலில் இருக்கும் வசதி 2009இல் சோதனை முயற்சியாக வந்து, 2015இல் முறையான அம்சமானது. அது போன கடிதத்தைத் துரத்திப் பிடித்து வருவதில்லை. 5, 10, 20 அல்லது 30 விநாடி கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அப்புறம்தான் அனுப்புகிறது. இதைச் சொல்லும்போது மாணவர்களின் முகம் மாறும். திரும்ப எடுக்க முடியாத செயலைக்கூடக் கொஞ்சம் காக்கவைத்தால் திரும்ப எடுக்கக்கூடியதாக ஆக்கிவிடலாம் என்பது அவர்களுக்குள் விழுகிறது. அடுத்த வாரம் அச்சிடுதல், பணம் அனுப்புதல் என்று வேறு வேலைகளுக்கு அதே சிந்தனையைத் தாங்களாகவே பொருத்திப் பார்க்கிறார்கள். 40 ஸ்லைடு போட்ட ஆண்டில் இது ஒரு முறைகூட நடக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் ஒரு பருவத்துக்கு எத்தனை பேட்டர்ன் போதும்? பாடத்திட்டத்தில் நீண்ட பட்டியல் இருக்கிறதே! — அதே துறையில் பணியாற்றும் இன்னொருவர்

பதில்: நான் 12 எடுக்கிறேன். மற்றவற்றை மாணவர்கள் தாங்களே தேடிப் படித்துக்கொள்கிறார்கள்.

குறைவாக இருந்தால் போதாதோ என்ற பயம் உங்களுக்கு இருந்தால், ஒரு பழைய நிகழ்ச்சி தைரியம் தரும். அலெக்சாண்டரின் சிந்தனையை மென்பொருளுக்குக் கொண்டுவந்த முன்னோடிகள் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும். 1987இல் ஒரு கருத்தரங்கில் அவர்கள் அளித்த சிறிய கட்டுரையில் இருந்தவை ஐந்தே ஐந்து பேட்டர்ன்கள். ஒரு வேலைக்கு ஒரு சாளரம், சாளரத்துக்குள் குறைந்த பலகங்கள் (அதாவது பிரிவுகள்), பழகிய வகைப் பலகங்கள், குறுகிய மெனுக்கள், பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பொருள்கள் பட்டியலில் இருக்கட்டும், செயல்கள் மெனுவில் இருக்கட்டும் என்பதுதான் அது.

இந்த ஐந்தையும் அவர்கள் யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? அந்த மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்களின் தரப்பில் வேலையை நன்கு அறிந்தவர்களிடம். அவர்களுக்கு ஸ்மால்டாக் நிரல்மொழியில் பழக்கம் குறைவு. அவர்களே இடைமுகத்தை வடிவமைத்தார்கள்; அது எளிமையாகவும் அழகாகவும் வந்தது கண்டு கட்டுரையாளர்களே வியந்திருக்கிறார்கள். மென்பொருள் உலகில் பேட்டர்ன்களின் கதை இடைமுகத்திலிருந்து, அதுவும் பயனர் கையிலிருந்து தொடங்கியிருக்கிறது. என் மாணவர்களுக்கு இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கேள்வி: டிசைன் பேட்டர்ன் என்றால் சிங்கிள்டன், அப்சர்வர் என்றுதான் நான் படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வது வேறா? — கணினி அறிவியல் மாணவி

பதில்: வேறுதான், ஆனால் உறவு உண்டு. நீங்கள் சொல்பவை நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து 1994இல் வெளியிட்ட நூலின் 23 பேட்டர்ன்களில் உள்ளவை. அவை நிரல் எழுதுகிறவரின் இழுபறியைத் தீர்ப்பவை. இடைமுகப் பேட்டர்ன் திரைக்கு முன் இருப்பவரின் இழுபறியைத் தீர்ப்பது. இரண்டுக்கும் ஊற்று அலெக்சாண்டர்தான்.

கேள்வி: எல்லோரும் ஒரே பேட்டர்ன்களைப் படித்தால் எல்லா ஆப்பும் ஒரே மாதிரிதானே இருக்கும்? என் கற்பனைக்கு இடம் எங்கே? — இறுதியாண்டு வடிவமைப்பு மாணவர்

பதில்: பட்டியலைக் கீழே இழுத்தால் புதிய பதிவுகள் வருகிற வசதியைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள் அல்லவா? அது 2009இல் லோரன் பிரிக்டர் என்ற நிரலாளர் தன்னுடைய ட்வீட்டி என்ற ஆப்பில் கொண்டுவந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புதியவை பட்டியலின் உச்சியில் வரும். புதியதைத் தேடுகிறவர் பட்டியலைக் கீழ்நோக்கி இழுத்து இழுத்துத்தான் உச்சிக்குப் போகிறார். உச்சியைத் தொட்ட பிறகும் அதே அசைவை இன்னும் கொஞ்சம் நீட்டினால் அதற்கு ஒரு பொருள் இருக்கலாமே! சிறிய திரையில் ஒரு பட்டனுக்கான இடமும் மிச்சம்.

இழுபறியை உற்றுப் பார்ப்பவருக்குக் கற்பனை அங்கேயே கிடைக்கிறது. ஆனால் இந்தத் தீர்விலும் ஓர் இழப்பு உண்டு. இப்படி இழுக்கலாம் என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லை; தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். இந்த இழப்புக்கு உங்களால் ஒரு விடை காண முடியுமா என்று பாருங்கள். உங்கள் கற்பனைக்கு அதைவிடப் பெரிய இடம் வேண்டுமா?

கேள்வி: நிறைய ஆப்களில் இருக்கிறது என்றாலே அது நல்ல பேட்டர்ன் என்று எடுத்துக்கொள்ளலாமா? என் மாணவர்கள் அப்படித்தான் வாதிடுகிறார்கள். — பாலிடெக்னிக் ஆசிரியை

பதில்: கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஃபார்ம்களில் 'பெயர்', 'முகவரி' என்று கட்டத்துக்கு உள்ளேயே மங்கலாக எழுதி வைப்பதை எல்லா இடத்திலும் பார்க்கிறோம். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்தச் சொல் மறைந்துவிடுகிறது. பாதியில் யாராவது கூப்பிட்டு, திரும்பி வந்து பார்த்தால் எந்தக் கட்டத்தில் என்ன கேட்டார்கள் என்று தெரியாது. மங்கலான எழுத்தைப் பார்வை குறைந்தவர்களால் படிக்கவும் முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள் சொல்கின்றன. பட்டன் போன்றவற்றை விரலால் தொட குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் வேண்டும் என்று 2023இல் வந்த அந்த நெறிமுறைகளின் 2.2 பதிப்பில் சேர்த்திருக்கிறார்கள். மாணவர்களைத் தங்களுக்குப் பிடித்த ஆப்பில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வாதம் அங்கேயே நின்றுவிடும்.

மூன்று கோடு மெனுவும் அப்படித்தான். 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது அந்தச் சின்னம். சிறிய திரையில் இடம் இல்லாத இழுபறிக்கு அது நல்ல துணை. அகன்ற திரையில், நான்கே நான்கு பக்கங்கள் இருக்கும்போது, அந்த நான்கையும் கோடுகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அங்கே இழுபறியே இல்லை, விடை மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவீர்கள்? அழகாக வரைந்தவருக்கே அதிக மதிப்பெண் போய்விடுகிறது. — உதவிப் பேராசிரியர்

பதில்: நான் வரைபடத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. ஒவ்வொரு மாணவரும் பருவத்தில் மூன்று பேட்டர்ன் அட்டைகள் எழுத வேண்டும். அஞ்சல் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை, இரண்டு பக்கம். எந்தச் சூழல், என்ன இழுபறி, என்ன தீர்வு, புழக்கத்தில் இருக்கும் மூன்று எடுத்துக்காட்டுகள், எங்கே பொருந்தாது, கடைசியாக ஒரு பெயர். பெயரை அவர்களே, அவர்கள் பேசுகிற தமிழில் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அன்டூவுக்கு ஒரு மாணவி 'கைதவறினால் கவலையில்லை' என்று பெயர் வைத்தாள். அந்த அட்டை இன்னும் என் அறைச் சுவரில் இருக்கிறது.

20 மதிப்பெண்ணில் இழுபறிக்கு 8, பொருந்தாத இடத்துக்கு 5, தீர்வுக்கு 4, எடுத்துக்காட்டுக்கு 2, பெயருக்கு 1. அலெக்சாண்டரின் நூலில் இன்னொரு அருமையான பழக்கம் உண்டு. தங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பேட்டர்னுக்கு இரண்டு நட்சத்திரமோ ஒன்றோ போட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு ஒன்றுமே இருக்காது. என் மாணவர்களும் போட வேண்டும். நட்சத்திரம் போடாமல் விட்டு, ஏன் போடவில்லை என்று நேர்மையாக எழுதியவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சோதனை. அட்டையைப் படம் இல்லாமல் வேறொரு மாணவரிடம் கொடுப்பேன். அவர் அதை மட்டும் வைத்து ஒரு ஸ்கிரீன் வரைய வேண்டும். வரைய முடியாமல் திணறினால், எழுதியவர் அட்டையைத் திருத்தி எழுத வேண்டும். வரைந்த காகிதத்தை வகுப்புக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் காட்டி, அவர் தடுமாறும்போது உதவிக்குப் போகாமல் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு மிகவும் கஷ்டமான பகுதி இந்த மௌனம்தான். "அங்கே தட்டுங்கள்" என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். பொறுத்துக்கொண்டு பார்த்தவர்தான் அட்டையைச் சரியாகத் திருத்துகிறார்.

கேள்வி: சேர்வதற்கு ஒரு தட்டல், விலகுவதற்கு ஏழு பக்கம் என்று ஏமாற்றுகிற வடிவமைப்புகளும் பேட்டர்ன்தானே? அவற்றையும் வகுப்பில் நடத்த வேண்டுமா? தெரியாதவருக்கும் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடாதா? — ஒரு மாணவரின் தாயார்

பதில்: உங்கள் கவலை எனக்கும் இருந்தது அம்மா. சில ஆண்டுகள் நடத்தாமலேயே விட்டேன். அப்புறம் என் பழைய மாணவர் ஒருவர் வேலையில் சேர்ந்த முதல் மாதமே இப்படி ஒரு ஸ்கிரீனை வரையச் சொன்னார்களாம். தவறு என்று உள்ளுக்குள் பட்டது, ஆனால் எதிர்த்துப் பேச வார்த்தை கிடைக்கவில்லை என்று போனில் சொன்னார். அன்று முடிவு செய்தேன். அந்த வார்த்தையைக் கொடுப்பது என் கடமை.

2010இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். பெயர் வந்த பிறகுதான் உலகம் இதைப் பற்றிக் கூடிப் பேசத் தொடங்கியது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே 2019இல் சொன்னது.

வகுப்பில் இதற்கும் அதே அட்டைதான். இழுபறி என்ற இடத்தில் யாருடைய தேவை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். பயனரின் தேவை ஒன்றுகூட அங்கே இருக்காது. அப்புறம் ஒரு சேவையில் சேரவும் விலகவும் எத்தனை படிகள் என்று எண்ணி, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வேன். உங்கள் மகனும் அதை எண்ணட்டும். எண்ணியவர்கள் அதைச் செய்யக் கூசுவார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கேள்வி: திங்கட்கிழமை எனக்கு முதல் வகுப்பு. ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள், அதை வைத்துத் தொடங்குகிறேன். — புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்

பதில்: வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். கணினி வேண்டாம், ஃபிக்மா போன்ற வடிவமைப்பு மென்பொருள் வேண்டவே வேண்டாம்.

"தேதி கேட்கும் ஒரு ஸ்கிரீன் வரையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லோரும் நாட்காட்டியைத்தான் வரைவார்கள். மாதத்தின் பெயர், இரண்டு பக்கமும் அம்புக்குறி. சரி என்று வாங்கிக்கொண்டு, அதில் 80 வயதான ஒருவரின் பிறந்த தேதியைப் போடச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு தட்டல் என்றால் 960 தட்டல். கணக்கை அவர்களே போடட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் அடுத்த வாரப் பயணத்துக்குத் தேதி கேளுங்கள். இங்கே அதே நாட்காட்டி அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அது என்ன கிழமை என்பது பயணிக்கு முக்கியம். மூன்றாவதாக, வங்கி அட்டை காலாவதியாகும் தேதி. அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டுமே எண்களாக அச்சாகியிருக்கும். பார்த்து அப்படியே எழுத வேண்டியதுதான். நாளைக் கேட்டால் பயனர் விழிப்பார்.

ஒன்று நினைவில் இருக்கிற தேதி, ஒன்று தேர்ந்தெடுக்கிற தேதி, ஒன்று பார்த்து எழுதுகிற தேதி. இந்த மூன்றையும் நீங்கள் பிரித்துச் சொல்லாதீர்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் வரை காத்திருங்கள். என் வகுப்பில் சில ஆண்டு பத்து நிமிடத்தில் வந்திருக்கிறது, ஓர் ஆண்டு மணி அடிக்கிற வரை வரவில்லை, மறுநாள் காலை ஒரு மாணவி வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். வந்த பிறகு, பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டம் (அரசு இணையதளங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டி) பிறந்த தேதி போன்றவற்றுக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணக் கட்டங்களையே பரிந்துரைக்கிறது என்பதைக் காட்டுங்கள். அதைப் பார்த்து "நாங்களும் இதைத்தானே சொன்னோம்" என்பார்கள். அன்றைக்கு வரைந்த தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பருவத்தின் கடைசி வாரத்தில் அவரவர் தாளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, மீண்டும் வரையச் சொல்ல வேண்டியிருக்கும்.